செத்துப்போன ரெண்டு மீனும் 180 வருஷக் கதையும்

டிஸ்கி: இது மீன் வளர்ப்பு டிப்ஸ் பதிவு இல்லை. டிப்ஸ் சொல்ற தகுதி எனக்கு இல்லைங்கறது அடுத்த ரெண்டு பத்தியிலேயே தெரிஞ்சிரும்.

ஆடித் தள்ளுபடியில ஊரே துணி எடுக்கப் போனப்போ நான் மீன் தொட்டி வாங்கினேன். 3 அடி நீளம், சுமார் 160 லிட்டர், அதுவும் கடல் மீனுக்கு. "தூத்துக்குடிக்காரங்களுக்குக் கடல் மீன்னா குழம்புல தானே கெடக்கணும், ஹால்ல எதுக்கு?"ன்னு தங்கமணி கேட்டதை நான் மதிக்கலை. லிட்டருக்கு 35 கிராம் கணக்குல ஐந்தரைக் கிலோவுக்கு மேல உப்பைக் கரைச்சு (சமையல் உப்பு இல்லீங்க, இதுக்குன்னே விக்கற கடல் உப்புக் கலவை), கடைக்காரர் தலையில கட்டின ஃபில்டரை மாட்டினேன். ஒரு மோட்டார், ஒரு பஞ்சு, கொஞ்சம் கரி. அவ்ளோதான். "நாளைக்கே தண்ணி கண்ணாடி மாதிரி ஆயிடும் சார், மீன் விட்டுரலாம்"னார்.

சொன்ன மாதிரியே கண்ணாடி மாதிரி ஆச்சு. ரெண்டு கோமாளி மீன் விட்டோம். ஆரஞ்சு உடம்புல வெள்ளைப் பட்டை போட்டிருக்குமே, அதே தான். நாலாம் நாள் காலையில ஒண்ணு போயிருச்சு. இன்னொண்ணு தண்ணி விழற இடத்துல ஒதுங்கி, செவுளைப் படபடன்னு அடிச்சுக்கிட்டு ராத்திரி வரைக்கும் கெடந்தது. தங்கமணி ஒரு மணி வரைக்கும் அது பக்கத்துலயே ஸ்டூல் போட்டு உக்காந்திருந்தா. நான் தூங்கிட்டேன். காலையில அவ சொன்னது இது தான்: "இன்னொரு தடவை எதையாவது கொண்டாந்து இப்படிக் கொல்றதா இருந்தா, தொட்டியை வித்துருங்க."

ஆபீஸ்ல ஏதாவது புட்டுக்கிச்சுன்னா மூல காரணம் என்னன்னு நாலு பக்கம் எழுதிக் குடுக்கற ஆளு நான். வீட்டுல நடந்ததுக்கு எழுத வேண்டாமா? செத்ததுக்கு அப்புறம் அம்மோனியா கிட் வாங்கிட்டு வந்து (ஆமா, அப்புறம் தான்) தண்ணியைச் சோதிச்சா, மஞ்சளா இருக்க வேண்டிய குழாய் கரும்பச்சை. மீன் மூச்சு விடறப்போ செவுள் வழியா வெளியே தள்றது அம்மோனியா. கடல் தண்ணியோட பிஎச் 8.2 பக்கத்துல இருக்கறதால அந்த அம்மோனியாவோட விஷப் பங்கு நன்னீரைவிட அதிகம். பஞ்சு அழுக்கைப் பிடிக்கும், கரி நிறத்தை எடுக்கும். அம்மோனியாவுக்கு நிறமும் கிடையாது, தூசும் கிடையாது. என் மீனுங்க உலகத்துலயே சுத்தமா தெரியற தண்ணியில விஷம் குடிச்சுச் செத்துப்போச்சு.

அடுத்த ஃபில்டர் எது வாங்கலாம்னு தேட ஆரம்பிச்சவன், வழக்கம்போல விலைப்பட்டியலை விட்டுட்டு வரலாற்றுல விழுந்துட்டேன். ஆணியும் கம்மியா இருந்த வாரம்.

முதல்ல 1846-க்குப் போகணும். அன்னா தின்னு ஒரு அம்மா. கணவர் லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் தேவாலயத்துல பெரிய பதவியில இருந்த பாதிரியார். இங்கிலாந்தோட தென்மேற்குக் கரையில டார்க்கிங்கற ஊர்ல ஒரு கல் பவள வகையைப் பார்த்து மயங்கி, அதை லண்டன் வீட்டுக்குக் கொண்டு போகணும்னு ஆசைப்பட்டாங்க. ஊசி நூல் வெச்சு பவளங்களை ஒரு பஞ்சுல தெச்சு, ஜாடியில கடல் தண்ணி நிரப்பி எடுத்துட்டு வந்தாங்க. வந்தப்புறம் தண்ணியை எப்படி உசுரோட வெக்கறது? வேலைக்காரப் பெண்ணைத் திறந்த ஜன்னல் முன்னாடி நிக்க வெச்சு, ஒரு பாத்திரத்துல இருந்து இன்னொண்ணுக்குத் தண்ணியை ஆத்தச் சொன்னாங்க. நம்ம டீ மாஸ்டர் டீ ஆத்தற மாதிரி, அரை மணி முக்கால் மணி நேரம். அடுத்த வருஷம் கடல் செடிகளையும் சேர்த்தாங்க. பவளங்கள் சுமார் மூணு வருஷம் இருந்தது.

இந்தச் சாதனை அன்னா தின் பேர்ல பதிவாகி இருக்கு. ஆத்தின கைக்குச் சொந்தக்காரி பேரு எங்கயும் இல்லை. உலகத்தோட முதல் ஏர் பம்ப்புகள்ல ஒண்ணு அந்தப் பொண்ணு தான்.

அதே லண்டன்ல ராபர்ட் வாரிங்டன்னு ஒரு வேதியியல் ஆளு. மருந்து தயாரிக்கற அப்பாத்திகரிஸ் ஹால்ல வேலை. 1849-ல ஒரு கண்ணாடிப் பாத்திரத்துல ரெண்டு தங்க மீனையும் ஒரு நீர்ச்செடியையும் போட்டு, தண்ணியை மாத்தாம எவ்வளவு நாள் ஓட்டலாம்னு பார்த்தார். செடி ஆக்சிஜன் தரும், மீன் கரியமில வாயு தரும், கணக்கு நேராயிடும்ங்கறது யோசனை. ஆனா அழுகின இலையால தண்ணி வழவழப்பா நாற ஆரம்பிச்சது. குளத்து நத்தைகளைக் கொண்டு வந்து விட்டார். நத்தை அழுகினதைத் தின்னது, நத்தைக் குஞ்சுகளை மீன் தின்னது. 1850-ல இதைக் கட்டுரையா எழுதினார். 'சமநிலைத் தொட்டி'ங்கற எண்ணம் பரவ ஆரம்பிச்சது இங்கருந்து தான். 1852-ல கடல் தண்ணியிலயும் இறங்கிட்டார்.

இதை ஊருக்கெல்லாம் பரப்பினவர் ஃபிலிப் ஹென்றி காஸ். 1853-ல லண்டன் மிருகக்காட்சி சாலையில மீன் இல்லம் திறந்தாங்க, 1854-ல இவர் புத்தகம் வந்தது, 'அக்வேரியம்'ங்கற சொல்லே அதுக்கப்புறம் தான் எல்லார் வாயிலயும் நின்னது. கடலுக்குத் தூரமா இருக்கறவங்களுக்காக சாப்பாட்டு உப்பு, எப்சம் உப்பு, மெக்னீசியம் குளோரைடு, பொட்டாசியம் குளோரைடுன்னு நாலே நாலு பொருள்ல செயற்கைக் கடல் தண்ணி செய்முறையும் குடுத்தார். இங்கிலாந்தே பைத்தியமாச்சு. கண்ணாடி மேல இருந்த வரியை 1845-லயே எடுத்திருந்ததால தொட்டி செய்யறதும் மலிவு. ஜனங்க வாளியும் உளியும் எடுத்துக்கிட்டுக் கடற்கரைப் பாறைக் குழிகளுக்குப் படையெடுத்தாங்க. காஸோட மகன் எட்மண்ட், தன் அப்பாவோட புத்தகங்கள் கூப்பிட்டு வந்த கூட்டம் அந்தப் பாறைக் குழிகளை எப்படி மொட்டையடிச்சதுன்னு 1907-ல வந்த சுயசரிதையில வருத்தத்தோட எழுதி இருக்கார். இந்த வரியை மனசுல வெச்சுக்கோங்க, பின்னாடி எனக்கு வேண்டியிருக்கு.

ஆனா வீட்டுல கொண்டு போய் வெச்சது பெரும்பாலும் செத்துப்போச்சு. கடல் செடி நன்னீர்ச் செடி மாதிரி சாதுவா வளராது, அழுகினா ஒரே நாள்ல தொட்டியையே கெடுத்துரும். கடல் அக்வேரிய மோகம் 1860-கள்லயே வடிஞ்சிருச்சு.

இந்த இடத்துல வர்றவர் தான் என் ஹீரோ, வில்லியம் ஆல்ஃபோர்ட் லாய்ட். புத்தக பைண்டிங் வேலை பார்த்தவர், பெரிய படிப்பு எதுவும் கிடையாது. லண்டன்ல அக்வேரிய சாமான் கடை வெச்சார், 1864-ல ஜெர்மனியில ஹாம்பர்க் அக்வேரியத்தைப் பார்த்துக்கப் போனார், 1871-ல லண்டன் கிரிஸ்டல் பேலஸ் அக்வேரியத்தை வடிவமைச்சார். மத்தவங்க எல்லாம் காட்சித் தொட்டியை அழகு பண்ணிட்டு இருந்தப்போ, இவர் கீழே தோண்டினார். பார்வையாளர்கள் கண்ணுல படாத இடத்துல, இருட்டா, காட்சித் தொட்டிகளைவிடப் பல மடங்கு பெரிய நீர்த்தேக்கம். நீராவி இயந்திரம் வெச்சு ராப்பகலா அந்தத் தண்ணியை மேலே ஏத்தி, தொட்டி வழியா ஓட விட்டு, திரும்பக் கீழே இறக்கினார். தண்ணியை மாத்தறது இல்லை, ஓட்டறது தான். 1874-ல திறந்த இத்தாலியோட நேப்பிள்ஸ் கடல் ஆய்வு நிலைய அக்வேரியமும் இவர் யோசனைப்படி கட்டினது தான்.

நம்ம ஊர்ல வீட்டுக்கு அடியில சம்ப் இருக்குமே, அதே. இன்னிக்கு கடல் மீன் வளர்க்கறவங்க எல்லாரும் தொட்டிக்குக் கீழே அலமாரிக்குள்ள ஒளிச்சு வெக்கற இன்னொரு தொட்டிக்கும் சம்ப்னு தான் பேரு. 160 லிட்டர் தொட்டிக்கு எதுக்கு சம்ப், வீண் செலவுன்னு நான் நினைச்சிட்டிருந்த சாமான்.

லாய்டோட ஏற்பாடு ஏன் வேலை செஞ்சது? காத்து நிறைய கலந்து தண்ணி ஓடிக்கிட்டே இருக்கறதால கழிவு எரிஞ்சு போகுதுன்னு அந்தக் காலத்து விளக்கம். பாதி தான் சரி. மீதிப் பாதி சாக்கடையில இருந்து வந்தது. (சாப்பிட்டுட்டு இருக்கறவங்க ஒரு பத்தி தாண்டிக்கலாம்.)

1877-ல பிரான்ஸ்ல ஷ்லோசிங், மூன்ட்ஸ்னு ரெண்டு பேர். சாக்கடை நீர்ல இருக்கற அம்மோனியா மண்ணு வழியா இறங்கும்போது நைட்ரேட்டா மாறுதே, இது வெறும் வேதிவினையா, இல்லை உயிருள்ள ஏதோ ஒண்ணு செய்யற வேலையான்னு கேள்வி. ஒரு நீளக் குழாய்ல மணலும் சுண்ணாம்புக் கல் தூளும் போட்டு, மேல இருந்து சாக்கடை நீரை மெதுவா விட்டாங்க. 20 நாள் ஒண்ணுமே நடக்கலை. போன அம்மோனியா அப்படியே வெளியே வந்தது. அதுக்கப்புறம் நைட்ரேட் வர ஆரம்பிச்சது. வெறும் வேதிவினைன்னா முதல் நாளே நடந்திருக்கணுமே? சந்தேகம் தீர, குளோரோஃபார்ம் ஆவியை விட்டாங்க. வேலை நின்னு போச்சு. குளோரோஃபார்மை விலக்கிட்டு கொஞ்சம் மண்ணைக் கரைச்சு ஊத்தினாங்க, கொஞ்ச நாள்ல மறுபடி ஆரம்பிச்சது. மணலுக்குள்ள யாரோ குடியிருக்காங்க!

இந்த 20 நாளைப் படிச்சப்போ எனக்கு வயித்தைப் பிசைஞ்சது. என் மீனுக்கு நான் குடுத்த அவகாசம் ஒரே ஒரு நாள்.

அடுத்து வர்றது தான் இந்தத் தேடல்ல எனக்குக் கிடைச்ச புதையல். இந்த ஆராய்ச்சியை இங்கிலாந்துல ரோத்தம்ஸ்டெட் வேளாண் ஆய்வுப் பண்ணையில எடுத்துச் செஞ்சவர் பேரு ராபர்ட் வாரிங்டன். எங்கயோ கேட்ட பேரா இருக்கா? தங்க மீனும் நத்தையும் வெச்சுப் பார்த்தாரே, அவரோட மகன். அப்பா பேரே மகனுக்கும். அப்பா தொட்டி வெச்சப்போ பையனுக்குப் பத்துப் பதினோரு வயசு. இவர் தான் வேலை ரெண்டு கட்டமா நடக்குதுன்னு காட்டினார்: ஒரு கூட்டம் அம்மோனியாவை நைட்ரைட்டா மாத்துது, இன்னொரு கூட்டம் நைட்ரைட்டை நைட்ரேட்டா மாத்துது. அந்த உயிர்களைத் தனியாப் பிரிச்சு எடுக்க அவரால முடியலை. ரஷ்யாக்காரர் வினோகிராட்ஸ்கி தான் 1890 வாக்குல அதைச் செஞ்சார். அப்பா தொட்டியில செடியையும் நத்தையையும் பார்த்தார். அதே தொட்டியோட கூழாங்கல்லு மேல, கண்ணுக்குத் தெரியாம ஒட்டியிருந்த ஆளுங்களை மகன் வயல் மண்ணுல கண்டுபிடிச்சார். அப்பா 1867-லயே போய்ச் சேர்ந்துட்டார், இந்த மீதிப் பாதி அவருக்குத் தெரியாது.

ஒரே வீட்டுக்குள்ள இருந்த ரெண்டு பாதியும் மீன் வளர்க்கறவங்க காதுல ஒண்ணா விழறதுக்கு ரொம்ப வருஷம் ஆச்சு. 1950-கள்ல கூழாங்கல்லுக்கு அடியில ஓட்டை போட்ட பிளாஸ்டிக் தட்டை வெச்சு, காத்துக் குமிழியால தண்ணியைக் கல்லு வழியா இழுக்கற ஃபில்டர் பரவுச்சு. நிறைய பேர் அதை அழுக்கு வடிகட்டின்னு தான் நினைச்சாங்க. கல்லு தான் ஃபில்டர், கல்லு மேல இருக்கற பாக்டீரியா தான் ஃபில்டர்னு அமெரிக்காவுல ஸ்டீஃபன் ஸ்பாட் 1970-ல எழுதின புத்தகம் வரிசையா விளக்குச்சு. அதுக்கு முன்னாடி 1964-லயே பாக்கெட்ல அடைச்ச கடல் உப்பு அங்கே கடைக்கு வந்தாச்சு.

1960-கள்ல ஜெர்மனிக்காரங்க இன்னொரு வழி பிடிச்சாங்க. பருப்பு வேகும்போது மேல நுரை கட்டுமே, அதைக் கரண்டியால எடுத்துப் போடுவோமே, அது மாதிரி ஒரு குழாய்ல பொடிப்பொடியா காத்துக் குமிழி விட்டா, தண்ணியில கரைஞ்ச புரதக் கழிவு குமிழியில ஒட்டி மேல நுரையா வரும். வழிச்சு எடுத்துடலாம். புரோட்டீன் ஸ்கிம்மர்னு பேரு. கழிவு அழுகி அம்மோனியாவா மாறறதுக்கு முன்னாடியே தூக்கி வெளியே போடறது. பாக்டீரியாவுக்குப் பாதி வேலை மிச்சம். உப்புத் தண்ணியில தான் நுரை நல்லாக் கட்டும், நன்னீர்த் தொட்டிக்கு இது உதவாது.

மூணாவது வழி இந்தோனேசியாவுல இருந்து. ஜகார்த்தாவுல லீ சின் எங்குனு ஒருத்தர், 1961-ல அமெரிக்க மீன் வளர்ப்புப் பத்திரிகையில எழுதினார். ஃபில்டரே இல்லை. கடல்ல இருந்து உயிருள்ள பாறைத் துண்டுகள், கடல் தண்ணி, வெயில், மெதுவா கொஞ்சம் காத்துக் குமிழி. பவளம் ஜம்முனு வளருது. அப்போ நிறைய பேர் நம்பலை. 1970, 80-கள்ல பெர்லின் ஆட்கள் இதே பாறையோட ஜெர்மன் ஸ்கிம்மரைச் சேர்த்தாங்க. டீட்ரிச் ஸ்ட்யூபர் அவங்கள்ல ஒருத்தர். 'பெர்லின் முறை'ன்னே ஆயிடுச்சு. பாறையோட வெளிப்புறத்துல வாரிங்டன் மகனோட ரெண்டு கூட்டம். உள்ளே, ஆக்சிஜன் போகாத துளைகள்ல, நைட்ரேட்டையும் உடைச்சு நைட்ரஜன் வாயுவா காத்துல விட்டுடற மூணாவது கூட்டம்.

இவ்ளோ படிச்சாச்சு. பெர்லின் முறை தான்னு முடிவு பண்ணிக் கடைக்குப் போனேன். "லைவ் ராக் இருக்குதா?"ன்னேன். தம்பி குரலைத் தாழ்த்தி, "பத்துக் கிலோ வேணா ஏற்பாடு பண்றேன் சார், ராமேஸ்வரம் பக்கத்துல இருந்து வரும். யாரும் கேக்க மாட்டாங்க"ன்னார்.

கொஞ்சம் கொசுவர்த்தி சுத்திக்கறேன். தூத்துக்குடியில எங்க ஆச்சி வீட்டுக் காம்பவுண்டு சுவர் பவளக் கல்லுல கட்டினது. பூசின சுண்ணாம்பு உதிர்ந்த இடத்துல எல்லாம் நட்சத்திரம் நட்சத்திரமா சின்னக் குழி தெரியும். லீவுக்குப் போறப்போ அதுல குச்சியை விட்டு நோண்டிக்கிட்டே இருப்பேன். "கடல்ல இருந்து வந்த கல்லுல, நோண்டாத"ன்னு ஆச்சி அதட்டும். அது ஒரு உசுரோட எலும்புன்னு அப்போ யாரும் சொல்லலை. மன்னார் வளைகுடாவுல வீட்டுக்கும் சுண்ணாம்புக்கும் ஆலைகளுக்கும் பல காலம் பவளப் பாறையை வெட்டி எடுத்திருக்காங்க. அலையைத் தடுக்கற பாறை போனதும் கரை அரிச்சது. 1986-ல தேசியப் பூங்காவா அறிவிச்ச 21 தீவுகள்ல விலங்குசல்லியும் பூவரசன்பட்டியும் இப்போ தண்ணிக்கு அடியில. 2001-ல கல் பவளங்களை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தோட முதல் அட்டவணையில சேர்த்தாங்க. புலி இருக்கற அதே அட்டவணை. இங்கிலாந்துப் பாறைக் குழியில வாளியோட போன கூட்டத்தைப் படிச்சு உச்சுக்கொட்டின நான், பத்துக் கிலோவுக்கு விலை கேட்டுட்டு நிக்கறேன்.

வேண்டாம்னு வந்துட்டேன். பெரிய தியாகம் எல்லாம் இல்லை, வாங்கியிருந்தா தங்கமணி என்னையே சம்ப்ல போட்டிருப்பா.

கடைசியா நான் தேர்ந்தெடுத்தது இது. கீழே அலமாரிக்குள்ள 60 லிட்டர்ல ஒரு சம்ப், லாய்ட் ஞாபகமா. அதுல நுண்துளை உள்ள பீங்கான் உருளைகள் ஒரு கூடை, பவளத்துக்குப் பதிலா பாக்டீரியாவுக்குக் குடித்தனம் போட. உள்துளையில மூணாவது கூட்டம் பாறையில குடியேறற அளவுக்கு இதுல ஏறாது, அதனால மாசம் ரெண்டு தடவை கொஞ்சம் தண்ணி மாத்தியே ஆகணும், பரவாயில்லை. தொட்டி அளவுக்குத் தேவையானதைவிட ஒரு சைஸ் பெரிய ஸ்கிம்மர், என் பட்ஜெட்ல பாதியை முழுங்கினது இது தான். தண்ணிக்கு, வீட்டு ஆர்ஓவுக்குப் பின்னாடி ஒரு ரெசின் குழாய், ஏன்னா எங்க ஏரியா போர் தண்ணியை எந்த மீனும் மன்னிக்காது. பழைய பஞ்சு ஃபில்டர் பரண்ல.

மீன் இல்லை. மீனுக்குப் பதிலா அம்மோனியம் குளோரைடு கரைசலைச் சொட்டுச் சொட்டா விட்டுக்கிட்டு, தினமும் ராத்திரி குழாயை ஆட்டி ஆட்டிப் பார்த்தேன். 20-ஆம் நாள் ஷ்லோசிங் மாமாவை நினைச்சுக்கிட்டு ஆவலாப் பார்த்தா, பச்சை. எனக்கு அவ்ளோ ராசி இல்லை போல. வீட்டுக்கு வந்த மாமனார் தொட்டியைச் சுத்திச் சுத்திப் பார்த்துட்டு, "மாப்ள, மீன் எங்க ஒளிஞ்சிருக்கு?"ன்னு கேட்டார். தங்கமணி சிரிச்சா. ஆடிக்கு அப்புறம் அந்தத் தொட்டி பக்கத்துல நின்னு அவ சிரிச்சது அன்னிக்குத் தான்.

26-ஆம் நாள் பச்சை வெளுக்க ஆரம்பிச்சது. நேத்து 33-ஆம் நாள், முந்தின ராத்திரி விட்ட அம்மோனியா ஒரே நாள்ல காணோம். குழாய் நல்ல மஞ்சள். நைட்ரைட் குழாய் மட்டும் இன்னும் கத்தரிப்பூ நிறம். ரெண்டாவது கூட்டம் இன்னும் முழுசா வந்து சேரலை.

"மஞ்சள்னா நல்லது தானே?"ன்னு கேட்டா.

"பாதி நல்லது. இன்னும் ரெண்டு வாரம் ஆகும். இந்தத் தடவை பொரிப்பகத்துல வளர்த்த குஞ்சு தான் வாங்கணும், கடல்ல பிடிச்சது வேண்டாம்"னேன்.

காலையில பார்த்தேன். சமையல்கட்டு காலண்டர்ல ரெண்டு வாரம் தள்ளி ஒரு ஞாயித்துக்கிழமையில வட்டம் போட்டு வெச்சிருக்கா. பேனாவுல இல்லை, பென்சில்ல.